வாவிக்கரையும் முப்படையும்: மட்டக்களப்பு வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

ஒரு நாட்டின் படைகள் எத்தனை எனப் பாடசாலைப் பொது அறிவு நூல் வினவுமாயின், தரைப்படை, கடற்படை, வான்படை என மூன்று என்று விடை எழுதுவோம். வினாவும் சரி, விடையும் சரி. ஆயினும் மட்டக்களப்பு வாவியின் கரையோரக் கிராமமொன்றில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் இதே வினாவைத் தொடுத்தால், அவர் விரல் மடித்து எண்ணத் தொடங்குகையில் மூன்று விரல்களோடு நின்றுவிடமாட்டார். பொலிஸ், விசேட அதிரடிப்படை, ஊர்காவற்படை, இந்தியப்படை, தொண்டர்படை, இயக்கங்கள் என்று அக்கணக்கு நீளும். அதே மனிதர் அன்றாடப் பேச்சில் அரசினுடைய படைகள் யாவற்றையும் 'ஆமி' என்ற ஒரே சொல்லால் சுட்டுவார். இயக்கங்களை மட்டும் 'பொடியன்கள்' என்று பிரித்துச் சொல்வார். சட்டம் படைகளைப் பல பிரிவுகளாக வகுத்திருக்கிறது. அப்படைகளின் கீழ் வாழ்ந்த மக்கள் ஒரு சொல்லில் அவற்றை அடக்கிவிட்டனர். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படைப் பிரிவுகள் பற்றிய ஆய்வை ஒரு வாவியிலிருந்து தொடங்குவது சிலருக்கு விநோதமாகத் தோன்றக்கூடும். ஆயின் வாவியின் இயல்பே நம்மை இவ்வழியில் இட்டுச்செல்கின்றது. வடக்கே ஏறாவூர்ப் பகுதியிலிருந்து தெற்கே கல்முனைக்கு அப்பால் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் இந்நீர்ப்பரப்புத் தரையுமன்று, கடலுமன்று. மாரியில் முகத்துவாரம் உடைத்துக் கடலோடு கலக்கும். கோடையில் மணல் மேடிட்டு அடைபடும். பெருங்கப்பல்கள் உள்ளே நுழையமுடியாது. தோணியும் வள்ளமுமின்றிக் குறுக்கே கடக்கவும் இயலாது. கிழக்கேயுள்ள எழுவான்கரையும் மேற்கேயுள்ள படுவான்கரையும் சூரியனின் எழுதலையும் படுதலையும் கொண்டு பெயர் பெற்றவை. இவ்விரு கரைகளுக்கும் இடையே ஓடிய தோணிகளையும் மண்முனைத்துறை போன்ற இடங்களில் ஓடிய 'பாதை' எனப்படும் மிதவைகளையும் யார் கட்டுப்படுத்தினரோ அவரே மட்டக்களப்பை ஆண்டனர் என்று கூறுவது மிகையாகாது.

பிரிவுகளுக்கு முந்திய காலம்

படையென்பது குடிகளிலிருந்து வேறாகப் பிரிந்து நிற்பதொரு நிறுவனம் என்ற கருத்து மட்டக்களப்பின் பழைய சமுதாயத்துக்குப் புதியது. நிலமானிய அமைப்பில் நிலத்தை அனுபவித்தவன் அதற்கு ஈடாகச் சேவை செய்யக் கடமைப்பட்டிருந்தான். அச்சேவையுள் போர்ச்சேவையும் ஒன்று. கண்டி இராச்சியத்தில் இராஜகாரியம் என வழங்கிய இம்முறையின் சாயல் கீழ்க்கரைப் பகுதிகளிலும் காணப்பட்டது. வன்னியரும் உடையாரும் போடியாரும் தத்தம் குடிகளைத் திரட்டிக்கொடுத்தனர். நேற்று வயலில் நின்றவன் இன்று ஈட்டியுடன் நின்றான். போர் முடிந்ததும் அறுவடைக்கு மீண்டான்.

முக்குவருக்கும் திமிலருக்கும் இடையே நிகழ்ந்ததாக மட்டக்களப்பு மரபு கூறும் போரை இங்கு நினைவுகூரலாம். முக்குவருக்குத் துணையாக முஸ்லிம்கள் நின்றனர் எனவும், தோற்ற திமிலர் வடக்கு நோக்கித் துரத்தப்பட்டனர் எனவும் அம்மரபு சொல்லும். சந்திவெளி, ஏறாவூர், வந்தாறுமூலை முதலிய ஊர்ப்பெயர்களுக்கு அப்போரின் கட்டங்களைக் கொண்டே விளக்கந்தருவர். துரத்திச்சென்றோர் வந்து களைப்பாறிய மூலையே வந்தாறுமூலையாயிற்றாம். இவ்விளக்கங்களைச் சொற்பிறப்பியல் நோக்கில் ஏற்பது கடினம். ஆனால் இக்கதையினுள் ஒரு சமூக உண்மை உறைந்துள்ளது: பொருதியோர் இருதரப்பும் மீன்பிடிப்போர், அவர்கள் பொருதியது மீன்பிடி உரிமையையும் கரையையும் சார்ந்து, பிடித்த தோணியே போர்த்தோணி. இதில் கடற்படை எது, தரைப்படை எது என்ற வினாவுக்கே இடமில்லை. வந்தாறுமூலையின் பெயரை நாம் பின்னர் வேறொரு சந்தர்ப்பத்தில் மீண்டும் சந்திக்க நேரும்.

கப்பலும் கோட்டையும்

நிலைப்படை, அதாவது ஆண்டு முழுவதும் கூலிபெற்று ஆயுதத்தோடு காத்திருக்கும் படை, இப்பிரதேசத்துக்குக் கப்பலில் வந்திறங்கியது. 1602 மே மாத இறுதியில் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தத் தளபதி மட்டக்களப்புக் கரைக்கு வந்து, இங்கிருந்து கண்டி சென்று விமலதர்மசூரியனைச் சந்தித்தான். அவனைத் தொடர்ந்து வந்த செபால்ட் டி வீர்ட், கண்டி மன்னனோடு பிணங்கி, 1603இல் மட்டக்களப்பிலேயே கொல்லப்பட்டான். கீழ்க்கரையின் வழியே கண்டிக்கும் வெளியுலகுக்கும் இருந்த தொடர்பை அறுக்கும் பொருட்டுப் போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை அமைத்தனர். வாவி நீரே அதற்கு இரு பக்கத்து அரணாயிற்று.

இக்கோட்டை பத்தாண்டுகளே போர்த்துக்கேயரிடம் நின்றது. 1638 மே 18ஆம் திகதி அது வெஸ்டர்வோல்ட் தலைமையிலான ஒல்லாந்தரிடம் வீழ்ந்தது. முற்றுகையில் ஒல்லாந்தர் கப்பல்களையும் பீரங்கிகளையும் கொண்டு வந்தனர். தரைவழியாக இரண்டாம் இராஜசிங்கனின் கண்டிப்படை வந்தது. கடலாதிக்கம் ஒருவரிடமும் நிலத்தின் மனிதவலு மற்றவரிடமும் இருந்தன. ஒன்று மற்றதின்றிப் பயன்படாது. நவீன காலத்தில் கூட்டு நடவடிக்கை என்று சொல்லப்படுவதன் ஆரம்ப வடிவமொன்றை இம்முற்றுகையிலே காண்கிறோம்.

கோட்டை வீழ்ந்து ஐந்து நாட்களின் பின், மே 23ஆம் திகதி, மட்டக்களப்பில் ஓர் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஒல்லாந்தரின் போர்ச்செலவுகளைக் கறுவா, மிளகு முதலிய பண்டங்களாக மன்னன் செலுத்த வேண்டும். கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப்படை காவல் இருக்கும். பின்னைய வாசகத்தில் 'மன்னன் விரும்பினால்' என்ற பொருள்படும் சொற்கள் ஒரு படியில் இருந்தன, மற்றைய படியில் இல்லை. மன்னன் கைக்கொண்டது ஒன்று, கம்பனி கைக்கொண்டது மற்றொன்று. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு இருதரப்பும் இதை வைத்தே வழக்காடின. ஒரு நாட்டில் படை நிறுத்தப்படுவது யாருடைய விருப்பில், யாருடைய செலவில் என்ற வினா இவ்வாவியின் கரையில் மூன்று சொற்களாகவோ நான்கு சொற்களாகவோ சுருங்கிக் கிடந்தது. 1643இல் கோட்டை மன்னனிடம் மீளளிக்கப்பட்டது; 1668இல் ஒல்லாந்தர் மீண்டும் அதனைக் கைக்கொண்டனர். 1795 செப்டெம்பரில் அது ஆங்கிலேயரிடம் சரணடைந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் இக்கோட்டையிலிருந்து புறப்பட்ட படையெடுப்புகளுள் 1804ஆம் ஆண்டினது விசேடமானது. கண்டியைப் பல திசைகளிலிருந்தும் ஒரே சமயத்தில் நெருக்குவதென்ற திட்டத்தின்படி, ஆதர் ஜோன்ஸ்ரன் என்ற அதிகாரி செப்டெம்பரில் ஏறத்தாழ 300 படையினருடன் மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டார். திட்டம் மாற்றப்பட்டுவிட்டது, ஏனைய அணிகள் வரவில்லை. அனுப்பப்பட்ட கட்டளை தெளிவற்றிருந்தமையால் ஜோன்ஸ்ரன் அதனை உணரவில்லை. அவர் கண்டித் தலைநகர்வரை சென்று, தனித்துவிடப்பட்டதை அறிந்து, தொடர்ந்த தாக்குதல்களுக்கூடாகத் திருகோணமலைக்குப் பின்வாங்கினார். பிற்காலத்தில் அவரே அனுபவத்தை நூலாக எழுதினார். காட்டுப்போர் பற்றிய பாடமாக அதனைப் பலர் வாசித்துள்ளனர். நம் கவனத்தை ஈர்ப்பது வேறொரு பகுதி. படையினரின் தொகையை விஞ்சிய சுமைதூக்குவோர் அவ்வணியில் இருந்தனர். வழியில் செத்தவர்களும் ஓடிப்போனவர்களும் அவர்களுள் ஏராளம். படைப் பிரிவுகளின் பட்டியல் எதிலும் அவர்கள் இடம்பெறார். ஆயினும் அவர்களின் தோளில்லாமல் ஓரடியும் நகர்ந்திருக்க முடியாது.

கண்டி வீழ்ந்து தீவு முழுவதும் ஒரே ஆட்சியின் கீழ் வந்தபின், குடியேற்றப் படையின் பணி வெளிப்பகையை எதிர்ப்பதிலும் பார்க்க உள்ளூர் அமைதியைப் பேணுவதாக மாறிற்று. மலாயர் பெருமளவில் சேவைபுரிந்த இலங்கைத் துப்பாக்கிப் படையணி 1873இல் கலைக்கப்பட்டது. 1881இல் தொண்டர்படை ஆரம்பமாயிற்று. 1910இல் அது இலங்கைப் பாதுகாப்புப் படை என்ற பெயர் பெற்றது. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டுப் பஞ்சாபியப் படையினர் வீதிகளில் இறக்கப்பட்டனர். ஓரிடத்து மக்களை அடக்க வேறோரிடத்து மக்களைப் படையாக்குவது பேரரசின் பழைய உபாயம்.

விமானமில்லாத விமானந்தாங்கி

வான்படை என்னும் மூன்றாவது உறுப்பு இப்பிரதேசத்துக்கு அறிமுகமாகியது ஒரேயொரு காலைப்பொழுதில். 1942 ஏப்ரில் 5ஆம் திகதி கொழும்பையும் 9ஆம் திகதி திருகோணமலையையும் யப்பானிய விமானங்கள் தாக்கின. தாக்குதல் வருமென்ற எச்சரிக்கையால் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் முதல்நாள் இரவே திருகோணமலையைவிட்டுத் தெற்கு நோக்கிச் சென்றிருந்தது. 9ஆம் திகதி காலை மீண்டும் வடக்கே திரும்பிக்கொண்டிருக்கையில் யப்பானியரின் வேவு விமானம் அதனைக் கண்டுகொண்டது. மட்டக்களப்புக்கு அண்மையான கடலில், சில நிமிடங்களுக்குள், அது மூழ்கடிக்கப்பட்டது. மாண்டோர் 307 பேர். அவுஸ்திரேலிய நாசகாரியான வம்பயரும் உடன் மூழ்கியது. வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் நீரில் மிதந்தோரில் ஏறத்தாழ 600 பேரை மீட்டது.

விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற் கப்பல் ஹேர்மிஸ். ஆயின் அன்று காலை அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. அதன் விமானங்கள் தரையில் விடப்பட்டிருந்தன. திருகோணமலையின் வான்தளத்திடம் கோரிய துணை, அத்தளமே தாக்குண்டு தொடர்புகள் அறுந்திருந்தமையால், உரியவேளைக்கு வந்துசேரவில்லை. கடலுக்கொரு படை, வானுக்கொரு படை எனப் பிரித்து வைத்தபின் அவற்றுக்கிடையே ஒரு தொலைபேசிக் கம்பி எவ்வளவு பெறுமதியானதென்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. 1804இல் கட்டளைக் கடிதம் செய்ததை 1942இல் கம்பி செய்தது எனலாம். அக்கப்பல் இன்றும் கரையிலிருந்து சில மைல் தொலைவில் ஐம்பது மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கின்றது; சுழியோடிகள் அதனைக் காண வருகின்றனர்.

மூன்று சட்டங்கள்

சுதந்திர இலங்கையின் முப்படைகள் மூன்று சட்டங்களால் பிறந்தவை: 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டம், அதே ஆண்டின் 41ஆம் இலக்க வான்படைச் சட்டம், 1950ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் கடற்படைச் சட்டம். இராணுவம் 1949 ஒக்ரோபர் 10ஆம் திகதியும், கடற்படை 1950 டிசெம்பர் 9ஆம் திகதியும், வான்படை 1951 மார்ச் 2ஆம் திகதியும் தோன்றின. இவற்றின் முதற்றளபதிகள் பிரித்தானியரே. 1947ஆம் ஆண்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்க வான்தளமும் பிரித்தானியரின் கையில் இருந்தன; 1957இலேயே அவை மீளளிக்கப்பட்டன. ஆகவே முதற் பத்தாண்டில் இப்படைகளுக்கு வெளிப்பகை பற்றிய கவலை அதிகமிருக்கவில்லை. துறைமுக வேலைநிறுத்தம், கள்ளக்குடியேற்றத் தடுப்பு, வெள்ளநிவாரணம், இனக்கலவரம் ஆகியனவே அவற்றின் அலுவல்களாயின.

1956 யூனில் கல்லோயாக் குடியேற்றப் பகுதிகளில் தமிழர் தாக்கப்பட்டபோது இராணுவமே அங்கு சென்று ஒழுங்கை நிலைநாட்டியது. அக்காலத்துப் படையில் பல இனத்தவரும் அதிகாரிகளாக இருந்தனர் என்பதை இங்கு மறத்தலாகாது. இராணுவத்தின் முதலாவது இலங்கைத் தளபதியான அன்ரன் முத்துக்குமாரு, 1960 முதல் 1970 வரை கடற்படைக்குத் தலைமைதாங்கிய இராஜன் கதிர்காமர் ஆகியோர் தமிழர். 1961இல் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகம் மட்டக்களப்புக் கச்சேரியின் வாயிலையும் அடைந்தது. கச்சேரி இயங்கியதோ அதே பழைய ஒல்லாந்தக் கோட்டையினுள். 1638இல் மதிலுக்கு வெளியே பீரங்கிகள் நின்ற இடத்துக்கு அணித்தாக 1961இல் மக்கள் வெறுங்கையோடு அமர்ந்திருந்தனர். அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டு, படையினர் அனுப்பப்பட்டு, ஏப்ரிலில் அவ்வியக்கம் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது.

1962ஆம் ஆண்டு இராணுவ, பொலிஸ் உயரதிகாரிகள் சிலரின் சதிமுயற்சி வெளிப்பட்டபின் ஆட்சேர்ப்புக் கொள்கை மாறிற்று. சதியில் ஈடுபட்டோர் பெரும்பாலும் கிறித்தவர். சிங்களவரும் பறங்கியரும் தமிழரும் அவர்களுள் இருந்தனர். அதற்குப் பரிகாரமாக, படையின் விசுவாசத்தை இனத்தையும் மதத்தையும் கொண்டு அளக்கும் வழக்கம் வேரூன்றியது. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அப்படை சிங்களக் கிராமத்து இளைஞரையும் அதே கொடூரத்தோடு நடத்தியதை நோக்குவோர், இதனை இனப்பிரச்சினை என்ற ஒரே கோணத்தில் நின்று விளக்கிவிட முடியாதென்பதை ஒப்புவர். அரசெந்திரத்தின் வர்க்க இயல்பு அங்கு துலக்கமாகத் தெரிந்தது. எவ்வாறாயினும், 1980களின் தொடக்கத்தில் முப்படைகளும் மிகப்பெரும்பான்மை சிங்களவரையே கொண்டிருந்தன. தமிழ்பேசும் ஒரு கிராமத்தினுள் நுழையும் படையினனுக்கு அக்கிராமத்தின் மொழி தெரியாது என்பது அப்போதுதான் பொதுவிதியாயிற்று.

நான்காவது விரல்

1983ஆம் ஆண்டின் பின் நிலைமை முற்றாக மாறியது. வாவியை அணைத்துக் கிடந்த திமிலைதீவு விமான ஓடுபாதை வான்படையின் வசமாயிற்று. அதைக்காட்டிலும் முக்கியமானது விசேட அதிரடிப்படையின் தோற்றம். இது முப்படைகளுள் ஒன்றன்று. சட்டப்படி பொலிசின் ஒரு பிரிவு. 1865ஆம் ஆண்டுப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த திணைக்களத்துக்குள், போர்க்களத்துக்குரிய ஆயுதங்களும் சீருடையும் பயிற்சியும் கொண்ட ஓர் அணி உருவாக்கப்பட்டது. பிரித்தானிய விசேட வான்சேவைப் பிரிவின் முன்னாள் வீரர்கள் நடத்திய கே. எம். எஸ். என்ற தனியார் நிறுவனம் அதற்குப் பயிற்சியளித்தது. கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள் அதன் பிரதான களமாயின. பிரித்தானிய அரசு நேரடியாகச் செய்யாததை ஒரு கம்பனி செய்தது; இலங்கை இராணுவம் செய்யவேண்டியதைப் பொலிஸ் செய்தது. பிரிவுகளின் இவ்விடைவெளிகளிலே பொறுப்பு நழுவிவிடுகிறது.

1987 ஜனவரி 28ஆம் திகதி நிகழ்ந்ததைச் சற்று விரிவாக நோக்குதல் அவசியம். வாவியின் மேற்குக் கரையில், கொக்கட்டிச்சோலைப் பகுதியில், செரண்டிப் கடலுணவுக் கம்பனிக்குச் சொந்தமான இறால் பண்ணை ஒன்று இருந்தது. அப்பகுதியை மீட்கவென அதிரடிப்படை மேற்கொண்ட நடவடிக்கையில் பண்ணை அழிக்கப்பட்டது; பண்ணைப் பணியாளர் 20 பேருக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்; சுற்றுக் கிராமத்தவர் பலரும் உயிரிழந்தனர். அக்கம்பனியில் ஏறத்தாழ 48 வீதப் பங்கை ஹொங்கொங்கில் பதிவான ஆசிய விவசாய உற்பத்திகள் என்னும் நிறுவனம் வைத்திருந்தது. இந்நிறுவனம், பிரித்தானியாவும் இலங்கையும் 1980இல் செய்துகொண்ட முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையைக் காட்டி, உலக வங்கியைச் சார்ந்த முதலீட்டுப் பிணக்குத் தீர்ப்பு நிலையத்தில் இலங்கை அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. கோரிய தொகை எண்பது இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல்.

உலகச் சட்ட வரலாற்றில் இவ்வழக்குக்குத் தனியிடமுண்டு. தனியார் முதலீட்டாளர் ஒருவர், தம்முடன் தனி ஒப்பந்தம் எதுவும் செய்யாத அரசொன்றை, இருநாட்டு உடன்படிக்கையை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு அந்நிலையத்தின் முன் நிறுத்தி வென்ற முதல் வழக்கு இதுவே. பிற்காலத்தில் ஆர்ஜன்ரீனா முதலாக எத்தனையோ நாடுகள் எதிர்கொண்ட நூற்றுக்கணக்கான வழக்குகளுக்கு மட்டக்களப்பு வாவியோரத்து இறால் குளங்கள் முன்னோடியாயின. சட்டக்கல்லூரிகளில் உலகெங்கும் இதனைப் படிப்பிக்கின்றனர். படிப்பிப்போருள் கொக்கட்டிச்சோலை எங்குள்ளது என அறிந்தோர் சிலரே.

அரசதரப்பு, பண்ணை கிளர்ச்சியாளரின் தளமாகப் பயன்பட்டது எனவும் அழிவு மோதலின் விளைவு எனவும் வாதிட்டது. 1990 யூன் 27இல் பெரும்பான்மைத் தீர்ப்பு வெளிவந்தது. அழிவை யார் விளைத்தனர் என்பது நிறுவப்படவில்லை என்றே நடுவர்கள் கொண்டனர். ஆயினும் நடவடிக்கைக்கு முன்னர், ஐயத்துக்கிடமான பணியாளரைச் சமாதான வழியில் அகற்றும்படி கம்பனியிடம் கேட்டிருக்கலாம். அம்முன்னெச்சரிக்கையை எடுக்கத் தவறியதால் அரசு உரிய கவனத்தோடு நடக்கவில்லை எனத் தீர்த்து, 4,60,000 அமெரிக்க டொலரையும் வட்டியையும் செலுத்துமாறு பணித்தனர். நடுவருள் ஒருவர் மாறுபட்டார்.

இத்தீர்ப்பை நாம் இருமனத்தோடுதான் வாசிக்கவேண்டியுள்ளது. அரசொன்று தன் படையின் செயலுக்கு வெளியே ஒரு மன்றில் விடைசொல்ல நேர்ந்தது என்பது சிறிய விடயமன்று. ஆனால் அங்கே வழக்காளியாக நின்றது பங்குமுதல். இறந்தோர் அவ்வழக்கில் தரப்பினர் அல்லர். அவர்களுக்கு உடன்படிக்கை எதுவும் இருக்கவில்லை. உள்நாட்டுச் சட்டமோ வேறுதிசையில் சென்றது. 1982ஆம் ஆண்டின் இழப்பெதிர்காப்புச் சட்டம் 1988இல் திருத்தப்பட்டு, 1977 ஓகஸ்ட் தொடக்கம் 1988 டிசெம்பர் வரை ஒழுங்கைப் பேணுவதற்காக நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட செயல்களுக்காக அரச அலுவலர்மீது வழக்குத் தொடரமுடியாதபடி காப்பளித்தது. ஒரே நாளின் ஒரே நிகழ்ச்சி: முதலீட்டுக்கு வாசிங்ரன் வரை வழி திறந்திருந்தது, உயிருக்கு மட்டக்களப்பு நீதிமன்றம் வரையும் வழி தெளிவாக இல்லை. 1638ஆம் ஆண்டு உடன்படிக்கையில் செலவுக்கணக்கு எழுதப்பட்டதையும் குடிகள் எழுதப்படாததையும் இங்கு நினையாதிருக்க முடியவில்லை.

வந்தவையும் போனவையும்

1987 யூலை உடன்படிக்கையைத் தொடர்ந்து வந்த இந்திய அமைதிகாக்கும் படையும் ஒற்றைப்படையன்று. அதன் தரைப்படையோடு கடற்படையும் வான்படையும் மத்திய சேமப் பொலிஸ் படையும் வந்தன. போர்நிறுத்தமும் பேச்சும் கோரி 1988 மார்ச் 19 முதல் மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் உண்ணாநோன்பிருந்த பூபதியம்மா ஏப்ரில் 19இல் உயிர்நீத்தார். இந்தியப்படை வெளியேறும் தறுவாயில், அதன் ஆதரவோடு வடகிழக்கு மாகாண ஆட்சியிலிருந்தோர் தொண்டர்படை என்றும் தமிழ்த் தேசிய இராணுவம் என்றும் பெயரிட்டு இளைஞரை வீதிகளிலும் வீடுகளிலும் வலிந்து பிடித்தனர். பயிற்சியற்ற அப்பிள்ளைகளிற் பலர் 1990இன் தொடக்கத்தில் விடுதலைப்புலிகளிடம் அகப்பட்டு மாண்டனர்.

1990ஆம் ஆண்டு இப்பிரதேசத்தின் நினைவில் தனியாக நிற்கின்றது. யூனில் கிழக்கிலே சரணடைந்த பொலிசார் நூற்றுக்கணக்கில் புலிகளாற் கொல்லப்பட்டனர். அவர்களுள் முஸ்லிம் பொலிசாரும் இருந்தனர். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் சுட்டுக்கொன்றனர். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோரில் 158 பேரை இராணுவத்தினர் கொண்டுசென்றனர், அவர்கள் திரும்பவில்லை. நான்கு நாட்களின் பின் சத்துருக்கொண்டானில் குழந்தைகளும் பெண்களும் உள்ளிட்ட பெருந்தொகையினர் கொல்லப்பட்டனர். களைப்பாறிய இடமென மரபு சொன்ன ஊரிலே, களைப்பாற வந்தோர் காணாமற்போயினர். கல்வியை நம்பி எழுந்த ஒரு நிறுவனத்தின் மரநிழலில் இது நடந்ததென்பதைப் பல்கலைக்கழகச் சமூகத்தைச் சார்ந்த நாம் மறக்க உரிமையற்றவர்கள். முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் தமிழ்க் கிராமங்களிலிருந்தும் ஊர்காவற்படைகளும் துணைக்குழுக்களும் திரட்டப்பட்டமை, பழைய மரபில் அயலாராகவும் துணைவராகவும் நின்ற இரு சமூகங்களையும் ஒன்றையொன்று அஞ்சும்படி செய்தது.

1991 யூன் 12ஆம் திகதி கொக்கட்டிச்சோலைக்கு அண்மையில் கண்ணிவெடியில் இரு படையினர் மாண்டதைத் தொடர்ந்து, மகிழடித்தீவுப் பகுதி மக்கள்மீது இராணுவத்தினர் பாய்ந்தனர். சனாதிபதி நியமித்த விசாரணை ஆணைக்குழு 67 பேர் கொல்லப்பட்டனர் எனக் கண்டது. இருதரப்புச் சூட்டிடையே அகப்பட்டனர் என்ற விளக்கத்தை நிராகரித்து, படையினரின் வேண்டுமென்ற பழிவாங்கலே அது எனவும் கூறியது. இவ்வளவு தெளிவாக அரச ஆணைக்குழு ஒன்று பேசியமை அபூர்வம். ஆயின் வழக்கு இராணுவச் சட்டத்தின்கீழ் இராணுவ நீதிமன்றுக்குச் சென்றது. அணிக்குத் தலைமைதாங்கிய அதிகாரி தம் படையினரைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்காகவும் சடலங்களை முறைகேடாக அகற்றியமைக்காகவும் பணிநீக்கப்பட்டார், ஏனையோர் விடுவிக்கப்பட்டனர். கொலைக்கென ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

எழுவான்கரையில் அரசபடையும் படுவான்கரையில் புலிகளுமாக வாவி எல்லைக்கோடாயிற்று. மீன்பிடிக்குப் போகும் நேரத்தைப் படையினர் விதித்தனர். இரவில் வலைவீசுதல் உயிராபத்தான தொழிலாயிற்று. விடுதலைப்புலிகளும் காலப்போக்கில் அரசின் வடிவத்தையே தம்மளவில் பிரதிபண்ணினர்: கடற்புலிகள், வான்புலிகள், படையணிகள், பொலிஸ், நீதிமன்று. மட்டக்களப்பு, அம்பாறை இளைஞரைக் கொண்டு 1993இல் அமைக்கப்பட்ட ஜெயந்தன் படையணி வடக்கின் களங்களிற் பெயர்பெற்றது. வீட்டுக்கொரு பிள்ளை என்று கேட்கப்பட்டபோது படுவான்கரையின் ஏழைக் குடும்பங்களிலிருந்து சிறுவர்களும் போயினர். 2004இல் கிழக்குத் தளபதி பிரிந்தபின் வெருகலாற்றங்கரையில் அப்பிள்ளைகளே ஒருவரையொருவர் எதிர்த்து நிறுத்தப்பட்டனர். 2006 நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளிப் பாடசாலையில் தங்கியிருந்த இடம்பெயர்ந்த மக்கள்மீது இராணுவத்தின் எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2007 ஜனவரியில் வாகரையும், யூலையில் தொப்பிகல எனச் சிங்களத்தில் வழங்கும் குடும்பிமலையும் அரசபடைகளின் கையில் வந்தன.

இனி, 'ஆமி' என்ற ஒற்றைச் சொல்லுக்கு மீள்வோம். அச்சொல்லைப் பாமரரின் அறியாமை எனத் தள்ளுவோர் உளர். சுடுபவன் எந்தச் சட்டத்தின்கீழ் நியமனம் பெற்றவன் என்பது சுடப்படுபவனுக்குத் தேவையற்றது. அந்தவகையில் அச்சொல் அனுபவத்தின் சுருக்கம். ஆனால் மறுநாட் காலையில் முறைப்பாட்டோடு செல்லும் தாய்க்கு அப்பிரிவுகள் மிகத்தேவை. அதிரடிப்படையினன் பொலிஸ் உத்தியோகத்தன். சாதாரண குற்றவியற் சட்டமே அவனுக்குரியது. இராணுவத்தினனை அவனது படையே தன் நீதிமன்றுக்கு அழைத்துக்கொள்ள இராணுவச் சட்டம் இடந்தருகின்றது. பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒழுங்கைப் பேண அழைக்கப்பட்ட முப்படையினனுக்குப் பொலிஸ் அதிகாரங்கள் சில வந்துசேர்கின்றன. பொலிசின் பொறுப்புக்கூறல் அதே அளவில் வருவதில்லை. ஆணைக்குழுக்களின் முன் சாட்சியமளித்த பெண்களிடம், வந்தவர்களின் சீருடை என்ன நிறம், தொப்பியில் என்ன சின்னம் என்று திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது. இருட்டில் வந்தவனின் தொப்பியைப் பார்த்துவைக்கவில்லை என்பதே பலரது முறைப்பாடு ஓரிடத்தில் நின்றுவிடக் காரணமாயிற்று.

2014 ஏப்ரிலில் மண்முனையில் யப்பானிய உதவியோடு கட்டப்பட்ட பாலம் திறக்கப்பட்டது. அதுவரை அத்துறையில் ஓடிய பாதை நின்றது. பேருந்து இப்போது எழுவான்கரையிலிருந்து கொக்கட்டிச்சோலைக்குச் சில நிமிடங்களிற் போய்விடுகின்றது. மகிழடித்தீவுச் சந்தியில் 1987இலும் 1991இலும் இறந்தோருக்கான நினைவுத்தூண் நிற்கின்றது. ஆண்டுதோறும் ஜனவரியிலும் யூனிலும் உறவினர் அங்கு விளக்கேற்றுகின்றனர்.